மியாவுரா போரைலேற்றம்: பல்லேடியம்-போரான் பிணைப்பைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

அரைல் புரோமைடு (பென்சீன் போன்ற வளையத்தில் புரோமின் பிணைந்த சேர்மம்) ஒன்றைப் பல்லேடியம் வினையூக்கியின் துணையோடு அரைல் போரானேட் எஸ்டராக (புரோமினின் இடத்தில் போரான் தொகுதி அமர்ந்த சேர்மமாக) மாற்றுவதும், தேவைப்பட்டால் அதே குடுவையில் இன்னோர் அரைல் ஹாலைடுடன் அதை இணைப்பதும் இங்கே விளக்கப்படுகின்றன. முதல் பாதிக்கு மியாவுரா போரைலேற்றம் என்று பெயர். இரண்டாம் பாதி சுசுகி இணைப்பு. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து திட்டப்பணிக்கு வரும் முதுநிலை மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். குடுவை சூடேறிய பிறகு அவர்கள் தடுமாறுவது குறைவு. எந்தக் காரத்தை எடுப்பது, அதை எப்படி உலர்த்துவது, எதை எப்போது சேர்ப்பது என்ற இடங்களில்தான் பெரும்பாலான வினைகள் கெட்டுப்போகின்றன. எனவே அந்த இடங்களில் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

எடுத்துக்காட்டாக 4-புரோமோஅசிட்டோஃபீனோனை எடுத்துக்கொள்கிறேன். எலக்ட்ரான் குறைந்த புரோமைடு என்பதால் முதல் படி ஒரு பகல் பொழுதுக்குள் முடிகிறது; மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவருக்கு இது சிறிய வசதி அல்ல. மேலும், இதிலுள்ள கீட்டோன் வினை முழுவதும் சேதமில்லாமல் நிற்கும். கிரிக்னார்டு வழியிலோ லித்தியம் வழியிலோ போரானைச் சேர்க்க முயன்றால் அந்தக் கீட்டோனுக்கு முதலில் பாதுகாப்புத் தொகுதி போட வேண்டியிருக்கும்.

1. குடுவையைத் தொடுமுன்: காரம் என்ன வேலை செய்கிறது

போரானுக்கு மூன்று பிணைப்புகளும் ஒரு காலியான பி-ஆர்பிட்டாலும் உண்டு. ஆகவே போரானிக் அமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும் எலக்ட்ரானை வாங்கும் பக்கம் சாய்பவை. அதே போரான் ஓர் உலோகத்துடன் நேரடியாகப் பிணைந்ததும் நிலை மாறுகிறது. உலோகத்துக்கு எலக்ட்ரானை வலுவாகக் கொடுக்கும் போரைல் தொகுதியாகி, கார்பனின் மீது போய்ச் சேரும் தகுதியைப் பெறுகிறது. இந்த உலோகம்-போரான் பிணைப்பை உருவாக்கி உடனே செலவழிப்பதுதான் முதல் படியின் சாரம். அதை யாரும் குடுவையிலிருந்து பிரித்தெடுப்பதில்லை.

சுழற்சி இப்படிப் போகிறது. சுழியநிலைப் பல்லேடியம் கார்பன்-புரோமின் பிணைப்புக்குள் நுழைகிறது. இது ஆக்சிஜனேற்றச் சேர்க்கை. பல்லேடியத்தின் மேலுள்ள புரோமைடை, காரமாகச் சேர்க்கும் பொட்டாசியம் அசிட்டேட்டின் அசிட்டேட் வெளியேற்றி அந்த இடத்தில் அமர்கிறது. பல்லேடியம்-ஆக்சிஜன் பிணைப்பு உருவான பிறகே டைபோரான் (இரண்டு போரான்கள் நேரடியாகப் பிணைந்த வினைப்பொருள்) அருகில் வந்து வினைபுரிகிறது. ஒரு போரான் ஆக்சிஜனோடு போய்விட, மற்றது பல்லேடியத்தோடு பிணைகிறது. போரானுக்கு ஆக்சிஜன் மீதுள்ள தீராத நாட்டமே இந்தப் பரிமாற்றத்தைத் தள்ளும் விசை. கடைசியில் அரைல் தொகுதியும் போரைல் தொகுதியும் ஒன்றுசேர்ந்து வெளியேற, பல்லேடியம் மறுபடி சுழியநிலைக்குத் திரும்புகிறது.

இதிலிருந்து காரத்தின் தேர்வு தானாகவே விளங்கும். அசிட்டேட் பல்லேடியத்தோடு ஆக்சிஜன் வழியாகப் பிணையப் போதுமானது. ஆனால் உருவான விளைபொருளின் போரானைத் தூண்டி எழுப்பும் அளவுக்கு வலுவற்றது. கார்பனேட்டோ ஃபாஸ்ஃபேட்டோ போட்டால், புதிதாக உருவான அரைல் போரானேட், இன்னும் தீராமல் இருக்கும் புரோமைடுடன் அங்கேயே சுசுகி இணைப்பில் இறங்கிவிடும். ஒரு மாணவி, "கார்பனேட் வலுவான காரம்தானே சார், வேகமாக முடியுமே" என்று நல்லெண்ணத்தோடு அதைப் போட்டார். வினை உண்மையிலேயே வேகமாக முடிந்தது. குடுவையில் அழகான வெண்ணிறப் படிகம் கிடைத்தது. உருகுநிலை 190 டிகிரிக்கு மேல். இரண்டு அசிட்டைல் தொகுதிகளும் எதிரெதிர் முனையில் நிற்கும் 4,4'-டைஅசிட்டைல்பைஃபீனைல் அது. போரான் அதில் துளியும் இல்லை.

ஆகவே விதி ஒன்றுதான்: போரானை ஏற்றும்போது வலுக்குறைந்த, உலர்ந்த காரம், போரானை இறக்கி இணைக்கும்போது வலுவான காரமும் நீரும். இந்த இரண்டையும் எப்போதும் பிரித்தே வைக்க வேண்டும்.

2. முந்தைய நாள் வேலைகள்

பொட்டாசியம் அசிட்டேட் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் உப்பு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று கோவை ஆய்வகங்களின் சன்னலுக்குள் வீசும்போது, எடைக்காகிதத்தில் கொட்டிய அசிட்டேட் சில நிமிடங்களில் ஓரம் கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். எனவே தேவையானதைவிட மூன்று மடங்கு உப்பை உரலில் பொடித்து, வெற்றிட அடுப்பில் 110 முதல் 120 டிகிரியில் ஓரிரவு முழுவதும் வையுங்கள். காலையில் சூடாக இருக்கும்போதே இன்னொரு முறை பொடித்து, உலர்த்துகலனில் மூடி வையுங்கள். பொடி மென்மையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: இந்த உப்பு டையாக்சேனில் அநேகமாகக் கரைவதே இல்லை, ஆகவே வினை நடப்பது பொடியின் மேற்பரப்பை நம்பித்தான்.

ஈரம் இருந்தால் என்ன கெடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஈரமான காரம் விளைபொருளைத் தூண்டிவிட்டு, நாம் தவிர்க்க நினைத்த இணைப்பைத் தொடங்கிவைக்கும். அதோடு, போரான் இருந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து அமர்ந்து, வெறும் அசிட்டோஃபீனோனாகத் திரும்பிவிடவும் வாய்ப்புண்டு.

கரைப்பான் 1,4-டையாக்சேன். திறந்து பல மாதங்களான குப்பியில் பெராக்சைடு சேர்ந்திருக்கும். ஒரு மி.லி. டையாக்சேனுடன் ஒரு மி.லி. உறை அசிட்டிக் அமிலத்தையும் சிறிது பொட்டாசியம் அயோடைடையும் சேர்த்துக் குலுக்குங்கள். மஞ்சளோ பழுப்போ தோன்றினால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தாதீர்கள், காய்ச்சி வடிக்கவும் முயலாதீர்கள். நல்ல குப்பியாக இருந்தால், தேவையானதைப் புதிதாக உலர்த்திய மூலக்கூற்றுச் சல்லடைக் குண்டுகள் மேல் ஓரிரவு வைத்தால் போதும். டையாக்சேன் புற்றுநோய் ஐயத்துக்குரிய கரைப்பான். ஊற்றுவதும் எடுப்பதும் புகைப்பேழைக்குள்ளேயே நடக்கட்டும்.

ஆர்கான் உருளையின் அழுத்தமானியை முந்தைய நாள் மாலையே பாருங்கள். நம் ஊரில் வார்ப்பட ஆலைகளுக்கும் பம்ப் பட்டறைகளின் டிக் வெல்டிங்குக்கும் ஆர்கான் கொடுக்கும் முகவர்களே ஆய்வகங்களுக்கும் கொடுக்கிறார்கள். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு உருளை மாற்றித் தருவது கடினம். உயர் தூய்மை வகை என்று கேட்டு வாங்குங்கள்.

ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணீரைக் குளிர்விப்பானில் ஓடவிட்டால் ஓராண்டுக்குள் உட்சுவரில் வெள்ளைப் படிவு கட்டிவிடும். வாளியில் நல்ல தண்ணீரை நிரப்பி, சிறிய மீன்தொட்டி மோட்டாரால் சுழலவிடுவதே மேல்.

இன்னொரு சிறு ஆயத்தம் மஞ்சள் கரைசல். அதை 6-ஆம் பகுதியில் சொல்கிறேன். ஓரிரவு ஊற வேண்டியிருப்பதால் இன்றே போட்டுவிடுங்கள்.

3. எடை

2 மில்லிமோல் அளவுக்கான கணக்கு இது.

4-புரோமோஅசிட்டோஃபீனோன் 398 மி.கி. பிஸ்பினகொலேட்டோ டைபோரான் 559 மி.கி.; இது 1.1 மடங்கு. உலர்ந்த பொட்டாசியம் அசிட்டேட் 589 மி.கி.; இது 3 மடங்கு. வினையூக்கி, டிபிபிஎஃப் என்ற ஃபாஸ்ஃபீன் லிகண்டு (உலோகத்தோடு பிணைந்து நிற்கும் துணை மூலக்கூறு) கொண்ட பல்லேடியம் டைகுளோரைடின் டைகுளோரோமீத்தேன் சேர்ந்த வடிவம், 49 மி.கி.; இது 3 மோல் சதவீதம். டையாக்சேன் 10 மி.லி.

வினையூக்கியின் புட்டியில் மூலக்கூற்று எடை 816.6 என்றிருக்கிறதா, 731.7 என்றிருக்கிறதா என்று பாருங்கள். முன்னது டைகுளோரோமீத்தேன் சேர்ந்தது, பின்னது சேராதது.

டைபோரானை 1.1 மடங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 1.5 மடங்கு போட்டால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். எஞ்சும் டைபோரான், பிரித்தெடுக்கும் சிலிகாக் காலத்தில் (சிலிகா நிரப்பிய கண்ணாடிக் குழாயில்) விளைபொருளோடு ஒட்டிக்கொண்டே இறங்கும்; ஒரே குடுவையில் இரண்டாம் படியையும் செய்தால், புதிதாகச் சேர்க்கும் ஹாலைடின் மேலேயே போரானை ஏற்றிக் குழப்பிவிடும்.

4. சேர்க்கும் வரிசையும் காற்றை வெளியேற்றுதலும்

அடுப்பில் காய்ந்த இருகழுத்துக் குடுவையில் காந்தக் கலக்கி, புரோமைடு, டைபோரான் ஆகியவற்றை முதலில் போடுங்கள். வினையூக்கி அடுத்தது. பொட்டாசியம் அசிட்டேட் கடைசி. அது மட்டுமே காற்றில் ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், திறந்த காற்றில் அது இருக்கும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மற்ற மூன்றும் காற்றில் எடை போடத் தக்கவை.

பிறகு குளிர்விப்பானையும் செப்டத்தையும் (ஊசி குத்தத்தக்க ரப்பர் மூடி) பொருத்தி, வெற்றிடம், ஆர்கான் என மூன்று முறை மாற்றி மாற்றி விடுங்கள். வெற்றிடத்தை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் செம்மஞ்சள் வினையூக்கித் தூள் குழாய்க்குள் பறந்துவிடும். 49 மி.கி.யில் பத்து மி.கி. கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த வினை எதற்கு மெதுவாக நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

கரைப்பானைத் தனியாக ஒரு குழாயில் எடுத்து, நீண்ட ஊசி அடிவரை இறங்குமாறு வைத்து, ஆர்கானை 20 நிமிடம் குமிழிகளாக விடுங்கள். அதன்பின் சிரிஞ்சால் எடுத்துக் குடுவைக்குள் சேருங்கள். குடுவைக்குள் ஆர்கான் நிரப்பியாயிற்று, கரைப்பானுக்கு வேறு எதற்கு என்று நினைப்பதே அடிக்கடி காணும் பிழை. கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுழியநிலைப் பல்லேடியத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். இரண்டாம் படியில் அது போரானேட்டுகளைத் தமக்குள்ளேயே இணைத்துவிடவும் செய்யும்.

மூடிய அமைப்பைச் சூடேற்றாதீர்கள். குளிர்விப்பானின் மேல் ஆர்கான் பலூன் இருக்கட்டும். அழுத்தம் அங்கே போய்ச் சேரும்.

5. சூடேற்றுதலும் நிறத்தைப் படித்தலும்

எண்ணெய்த் தொட்டியை 80 டிகிரியில் நிலைப்படுத்திய பிறகே குடுவையை இறக்குங்கள். வெப்பமானி எண்ணெய்க்குள் இருக்கட்டும். தட்டின் முகப்பு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். கலக்கி வேகமாகச் சுழல வேண்டும். உப்பு கரையாத பொருள் என்று முன்பே சொன்னேன். கலக்கி மெதுவாகச் சுழன்றால் அசிட்டேட் அடியில் வெண்மணல் போலப் படிந்து, மேலே தெளிந்த செந்நிறக் கரைசல் சும்மா நிற்கும். மின்தடை வந்து கலக்கி நின்றாலும் இதே கதிதான். மின்சாரம் திரும்பியதும் காந்தம் துள்ளிக் குதிக்காமல் மறுபடி சுழலத் தொடங்கியதா என்பதைக் கண்ணால் பாருங்கள்.

நிறம் நிறையச் சொல்லும். தொடக்கத்தில் செம்மஞ்சள். சூடேறியதும் சிவப்பு ஆழமாகி, பிறகு பழுப்பாகும். வினை முன்னேற முன்னேறக் கரும்பழுப்பாகும். இது இயல்பு. முதல் ஐந்து பத்து நிமிடங்களிலேயே கரித்தூள் மிதந்து, குடுவைச் சுவரில் வெள்ளிப் பூச்சுப் போலப் பளபளப்பு ஏறினால், பல்லேடியம் உலோகமாகத் திரண்டுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஆக்சிஜன் உள்ளே போயிருக்கும். அந்தக் குடுவைக்கு மேலும் வினையூக்கி சேர்த்து மீட்க முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் சரிசெய்யப்படாத வரை புதிய வினையூக்கிக்கும் அதே முடிவுதான். கரைப்பானிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இந்தப் புரோமைடுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் போதும். மெத்தாக்சி போன்ற எலக்ட்ரான் கொடுக்கும் தொகுதி இருந்தால் ஓரிரவு ஆகலாம். ஆர்த்தோ இடத்தில், அதாவது புரோமினை ஒட்டிய இடத்தில், தொகுதி இருந்தாலும் மெதுவாகும். அரைல் குளோரைடு இந்த வினையூக்கிக்குப் பெரும்பாலும் அசைந்து கொடுக்காது. கார்பன்-குளோரின் பிணைப்பை உடைக்க, எலக்ட்ரான் வளம் மிகுந்த, பருமனான ஃபாஸ்ஃபீன் லிகண்டு தேவை.

6. மஞ்சளைக் கொண்டு போரானைக் காணுதல்

டிஎல்சி (மென்படல நிறப்பிரிகை) தட்டில் புரோமைடும் போரானேட்டும் நெருங்கிய உயரத்தில் ஓடும். புறஊதா விளக்கின் கீழ் இரண்டும் கறுப்புப் புள்ளிகள்தான். டைபோரானோ விளக்கின் கீழ் தெரிவதே இல்லை. ஆகவே புதியவர்கள், வினை முடியாத குடுவையை முடிந்ததென்றும் முடிந்ததை முடியாததென்றும் நினைக்கிறார்கள்.

இங்கே நம் ஊர்ப் பொருளே துணைக்கு வருகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் அமிலச் சூழலில் போரானோடு சேர்ந்து சிவப்பு நிறச் சேர்மத்தைத் தரும். போரேட்டைக் கண்டறியும் மஞ்சள் தாள் சோதனையின் அடிப்படையும் இதுதான். ஈரோட்டுச் சந்தையில் விரலி, கிழங்கு என்று தரம் பிரித்து விற்பார்கள். விரலி மஞ்சளை வாங்கி நீங்களே இடித்துக்கொள்ளுங்கள். பொட்டலப் பொடியில் வேறு நிறப்பொருள் கலந்திருந்தால் சோதனையே பொய்த்துப்போகும். 5 கிராம் பொடியை 50 மி.லி. எத்தனாலில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு மி.லி. சேருங்கள்.

தட்டை முதலில் புறஊதாவில் பார்த்துப் புள்ளிகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு மஞ்சள் கரைசலில் தோய்த்து, சூடான தட்டின் மேல் மெல்லக் காயவிடுங்கள். தட்டு முழுவதும் எலுமிச்சை மஞ்சளாகக் காய்ந்துகொண்டு வர, போரான் உள்ள இடம் மட்டும் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். போரானிக் அமிலம் சீக்கிரம் சிவக்கும். பினகால் எஸ்டர் (நம் அரைல் போரானேட்) சற்றுத் தாமதமாகும், ஆகவே அவசரப்பட்டுத் தட்டை எடுத்துவிடாதீர்கள். பென்சில் வட்டத்துக்குள் சிவப்பு இருந்தால் அது அரைல் போரானேட். வட்டம் மஞ்சளாகவே நின்றால் அது தீராத புரோமைடோ, இரண்டு அரைல்கள் தமக்குள் இணைந்து விளைந்த பைஅரைலோ ஆகும். வட்டமே இல்லாத இடத்தில் சிவந்தால் அது டைபோரான். தொடக்கக் கோட்டிலேயே தங்கும் சிவப்பு, வினையின் துணைவிளைவான போரேட்டு.

ஓர் எச்சரிக்கை: குர்குமின் காரத்திலும் செம்பழுப்பாகும். ஆகவே குடுவையிலிருந்து எடுத்த துளியை அப்படியே தட்டில் வைக்காமல், சிறு குப்பியில் எத்தில் அசிட்டேட்டும் நீரும் விட்டுக் குலுக்கி, மேலடுக்கிலிருந்து வையுங்கள்.

7. பிரித்தெடுத்தல்

முதல் முறை செய்பவர் போரானேட்டைக் கட்டாயம் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே குடுவையில் இரண்டு படிகளையும் செய்து முடிவில் எதுவும் கிடைக்காவிட்டால், எந்தப் படியில் தவறு என்று தெரியாமலே போய்விடும்.

குடுவையை அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். பனிக்கட்டித் தொட்டியில் வைக்காதீர்கள்; டையாக்சேன் சுமார் 12 டிகிரியிலேயே உறைந்து, குடுவைக்குள் எல்லாம் கட்டியாகிவிடும். எத்தில் அசிட்டேட் 30 மி.லி. சேர்த்து, செலைட் (வடிகட்ட உதவும் நுண்தூள்) படுகையின் வழியாக வடிகட்டுங்கள். செலைட்டை முதலில் எத்தில் அசிட்டேட்டால் நனைத்துப் படியவைத்தால்தான் கரும்பல்லேடியம் ஓரமாக வழிந்து இறங்காது. வடிநீரை இரண்டு முறை நீராலும் ஒரு முறை உப்புக் கரைசலாலும் கழுவுங்கள். நீர்க் கழுவலை ஒன்றோடு நிறுத்தாதீர்கள்: டையாக்சேன் நீரில் கலந்து போவதோடு, போரேட்டிலிருந்து பிரிந்த பினகாலும் அதில்தான் போகிறது. சோடியம் சல்ஃபேட்டின் மேல் உலர்த்தி ஆவியாக்கினால் பழுப்பு நிறத் திண்மம் கிடைக்கும்.

சிலிகாக் காலம் குட்டையாகவும் வேகமாகவும் இருக்கட்டும். பினகால் எஸ்டர் சிலிகாவில் நின்றால் நீண்ட வாலாக இழுபடும், ஒரு பகுதி உடைந்தும் போகும். மதிய உணவுக்குப் போகும்முன் காலத்தில் ஏற்றிவிட்டு வந்து பார்ப்பது விளைச்சலில் பாதியை இழக்கும் வழி. மிகவும் இழுபடும் எஸ்டர்களுக்குப் போரிக் அமிலம் ஏற்றிய சிலிகாவைப் பயன்படுத்தலாம். முழு விளைச்சல் என்றால் 492 மி.கி.; புதியவர் 350 மி.கி.க்கு மேல் எடுத்தால் நான் மகிழ்வேன்.

எதற்காகப் போரானிக் அமிலமாக இல்லாமல் எஸ்டராகவே வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போரானிக் அமிலம் நீரை இழந்து மூன்று மூன்றாக வளையமாகச் சேர்ந்துகொள்ளும். புட்டியில் எவ்வளவு அமிலம், எவ்வளவு வளையம் என்று தெரியாமல் எடை போட்டால் மோல் கணக்கு தவறும். எஸ்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.

8. என்.எம்.ஆரைப் படிக்கும்போது

ஹைட்ரஜன் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில், குளோரோஃபார்ம்-டி கரைசலில் 1.35 பிபிஎம் அருகே 12 ஹைட்ரஜனுக்கான கூர்மையான ஒற்றை முகடு தெரியும். 2.6 அருகே அசிட்டைல் மீத்தைல், 7.9 அருகே நான்கு அரோமேட்டிக் ஹைட்ரஜன்கள் இரண்டு இரட்டைகளாக, மிக நெருக்கமாக நிற்கும். 1.25 அருகே இன்னோர் ஒற்றை முகடு இருந்தால் அது டைபோரானாகவோ பினகாலாகவோ இருக்கலாம். மாதிரியை மறுபடி நீரில் கழுவிப் பாருங்கள். குறைந்தால் பினகால், குறையாமல் நின்றால் டைபோரான்.

கார்பன் நிறமாலையில் ஒரு முகடு காணவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கலங்கிப்போய் வருகிறார். போரானோடு நேரடியாகப் பிணைந்த கார்பன், போரான் அணுக்கருவின் நான்முனைத் தன்மையால் அகன்று, பின்னணியில் மறைந்துவிடும். பொருளில் குறையில்லை.

போரான் நிறமாலையில் 30 பிபிஎம் அருகே அகன்ற முகடு வரும். சுழியத்தை ஒட்டித் தெரியும் பெரிய மேடு உங்கள் பொருளுடையது அல்ல, சாதாரண என்.எம்.ஆர். குழாயின் கண்ணாடியிலேயே போரான் இருக்கிறது. நிறை நிறமாலையில் மூலக்கூற்று முகட்டுக்கு ஓர் அலகு கீழே, அதன் கால் பங்கு உயரத்தில் ஒரு துணை முகடு இருக்க வேண்டும். இயற்கைப் போரானில் சுமார் 80 சதவீதம் 11 நிறையும் 20 சதவீதம் 10 நிறையும் கொண்டவை. அந்தத் துணை முகடு இல்லையென்றால் மூலக்கூறில் போரான் இல்லை.

9. இரண்டாம் படி: அதே குடுவையில் இணைத்தல்

முதல் படியைப் பிரித்தெடுத்துப் பழகிய பிறகு, அடுத்த முறை 5-ஆம் பகுதி வரை செய்து, புரோமைடு முற்றிலும் தீர்ந்ததைத் தட்டில் உறுதிசெய்துகொண்டு இங்கே வாருங்கள். புரோமைடு எஞ்சியிருக்கும்போது கார்பனேட்டைச் சேர்த்தால், அந்த மாணவியின் குடுவையில் நடந்ததே மறுபடியும் நடக்கும்.

இணைப்புத் துணைக்கு 4-அயோடோஅனிசோலை எடுக்கிறேன், 421 மி.கி.; போரானேட்டுக்கு 0.9 மடங்கு. புரோமோஅனிசோலும் வினைபுரியும். ஆனால் எலக்ட்ரான் மிகுந்த புரோமைடு மெதுவானது. சிறிதளவு எஞ்சிய புரோமோஅசிட்டோஃபீனோன்கூட அதை முந்திக்கொண்டு போரானேட்டைப் பிடித்துவிடும். அயோடைடு அந்தப் போட்டியில் பின்தங்காது.

2 மோலார் சோடியம் கார்பனேட் நீர்க்கரைசல் 5 மி.லி. எடுத்து, அதிலும் ஆர்கானை 20 நிமிடம் குமிழவிடுங்கள். குடுவையை அறை வெப்பநிலைக்கு ஆற்றி, ஆர்கான் ஓட்டத்தின் கீழ் அயோடைடையும் புதிய வினையூக்கி 44 மி.கி.யையும் போடுங்கள், கடைசியாகக் கார்பனேட் கரைசல். முதல் படியில் உழைத்த பல்லேடியத்தில் ஒரு பகுதி இதற்குள் உலோகமாகியிருக்கும் என்பதால் புதிதாகச் சேர்ப்பது அவசியம். 80 டிகிரியில் ஓரிரவு, விசையாகக் கலக்கிக்கொண்டு.

நீரும் கார்பனேட்டும் இப்போது வேண்டியவையாகின்றன. காரக்கரைசலிலுள்ள ஹைட்ராக்சைடு, பல்லேடியத்துக்கும் போரானுக்கும் இடையே ஆக்சிஜன் பாலமாகி, அரைல் தொகுதி போரானிலிருந்து பல்லேடியத்துக்கு இடம்பெயர உதவுகிறது. முதல் படியில் நாம் அஞ்சி ஒதுக்கிய அதே நிகழ்வு, இங்கே நாம் விரும்பி நடத்துவது.

விளைபொருள் 4-அசிட்டைல்-4'-மெத்தாக்சிபைஃபீனைல், முழு விளைச்சல் 407 மி.கி. எத்தனாலில் படிகமாக்கலாம். ஹைட்ரஜன் நிறமாலையில் 3.86-இல் மெத்தாக்சியும் 2.62-இல் அசிட்டைலும் சமமாக, மூன்றுக்கு மூன்று என்று நிற்க வேண்டும். அசிட்டைல் மிகுந்திருந்தால் போரானேட் எஞ்சியிருக்கிறதா, டைஅசிட்டைல்பைஃபீனைல் கலந்திருக்கிறதா என்று பாருங்கள், 1.35-இல் முகடு இருக்கிறதா இல்லையா என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

எல்லாப் போரானேட்டுகளும் இந்த ஓரிரவுக் காரக்குளியலைத் தாங்குவதில்லை. 2-பிரிடைல், 2,6-டைஃபுளூரோஃபீனைல் போன்றவை இணைவதற்குள் போரானை உதிர்த்துவிடும். அவற்றைப் போரைலேற்றாமல், எதிர்ப்பக்கத் துணையில் போரானை ஏற்றி, இவற்றை ஹாலைடாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

10. உலோகம் மாறினால் எது மாறும்

தாமிரத்தில் செய்தால் ஹாலைடு தேவையில்லை. தாமிர டெர்ட்-பியூட்டாக்சைடு டைபோரானை உடைத்துத் தாமிரம்-போரான் பிணைப்பைத் தருகிறது. அது ஆல்ஃபா-பீட்டா நிறைவுறாக் கீட்டோனின் பீட்டா கார்பனில் போரானைச் சேர்க்கிறது. இங்கே மெத்தனால் சிறிதளவு வேண்டும். சேர்க்கையில் உருவான தாமிரச் சேர்மத்துக்குப் புரோட்டானைக் கொடுத்துத் தாமிரத்தை விடுவிப்பது அதுதான். உலர்வே எல்லாம் என்று மியாவுரா வினையில் கற்ற மாணவர்கள் இங்கே மெத்தனாலை விட்டுவிட்டு, வினை நகரவில்லை என்கிறார்கள்.

இரிடியம் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையே போரைலேற்றும். காரமும் வேண்டாம். போரான் எங்கே போகும் என்பதைத் தொகுதிகளின் பருமனே பெரும்பாலும் தீர்மானிக்கும். தொகுதிக்குப் பக்கத்து இடத்தைத் தவிர்த்துவிடும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் குழாயை இறுக மூடக்கூடாது.

11. கழிவு

கரும்பல்லேடியம் படிந்த செலைட் காய்ந்து, கரைப்பான் ஆவியோடு சேர்ந்தால் தீப்பற்றும். வடிகட்டியவுடன் நீரால் நனைத்து, மூடியுள்ள தனிப் புட்டியில் ஈரமாகவே சேர்த்து வையுங்கள். அசிட்டோன் துடைத்த காகிதங்களுள்ள கூடையில் ஒருபோதும் போடாதீர்கள். பல்லேடியம் விலைமிக்கது; சேர்ந்த செலைட்டை மீட்புக்கு அனுப்பலாம்.

டையாக்சேன் கலந்த கழுவுநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது நீரோடு முழுவதும் கலக்கும், மண்ணில் தங்காமல் நிலத்தடிக்கு இறங்கும், எளிதில் சிதையாது. நொய்யலும் அதன் கரைக் கிணறுகளும் சாயக்கழிவால் பட்ட பாட்டைக் கண்ட ஊரில் இதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை. ஹாலோஜன் இல்லாத கரைப்பான், ஹாலோஜன் உள்ளது, நீர்க்கழிவு என்று மூன்று கேன்கள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் நாளையும் உள்ளடக்கத்தையும் தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். கேனைத் தூக்கிச் செல்லும் ஆய்வக உதவியாளர் அண்ணன்மார் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.